சீல் இல்லாத டப்பா

சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சீல் அம்மா'. சிமெண்ட் மூட்டை வந்தால் முதலில் சீல், அப்புறம் தேதி, அதற்கப்புறம்தான் சிமெண்ட். சீல் ஓர் ஓரம் கிழிந்திருந்தாலும் வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிடுவாள். முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களும் அவள் கையெழுத்தைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார்கள். அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

சிமெண்டில் நச்சுக் குரோமியம் உண்டு. ஈரத்தோடு தோலில் பட்டால் அரித்துத் தின்னும். அதை அடக்கி வைக்கத்தான் ஆலையில் ஓர் இரும்பு உப்பைக் கலக்கிறார்கள். மூட்டை பழசானால் உப்பின் சக்தி போய்விடும், விஷம் மட்டும் மிஞ்சும். மூட்டையில் தேதி போடுவது அதற்காகத்தான். ஆலைக்காரர்கள் மாதாமாதம் அவளிடம் சோதனைக்கு அனுப்பியதோ அன்றைக்கு அடைத்த புது மூட்டை. அது எப்படித் தேறாமல் போகும்?

அவளுடைய அண்ணன் கொத்தனார். அதே ஆலை தன் ஆட்களுக்குக் கட்டும் வீடுகளில்தான் வேலை. ஆறு மாதமாக இரண்டு கையும் வெடித்து, கரணையைப் பிடித்தாலே ரத்தம் கசிந்தது.

"பாப்பா, விக்காம கிடந்த மூட்டையெல்லாம் எங்க தலையிலதான் கட்டுறாங்க. பழைய தேதிய அழிச்சுட்டு புதுசு அடிச்சிருக்கு. நீ ஒரு தடவை பாத்துச் சொல்லேன்."

"ஒரு டப்பால கைப்பிடி அள்ளிட்டு வாண்ணே. அது போதும்."

வேறு எவனிடமாவது இப்படிச் சொல்லியிருப்பாளா? கூடப்பிறந்தவன் என்றதும் படித்த படிப்பெல்லாம் எங்கேயோ போய்த் தொலைந்தது.

நன்றாகக் கழுவித் துடைத்த டப்பாவில் அவன் கொண்டுவந்தான். தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, மருந்தைச் சொட்டினாள். தெளிந்த நீர் கருஞ்சிவப்பாகி ஊதாவில் நின்றது. குரோமியம் அனுமதித்த அளவைப் போல ஒன்பது மடங்கு. அண்ணனின் கைகளை நினைத்துக்கொண்டாள். கூடவே, வசமாக மாட்டினார்கள் என்று சந்தோஷமும் பட்டாள், பைத்தியக்காரி. சாட்சிக்கு ஒரு மூட்டையை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும் என்று உறைத்தபோது எல்லாம் சுவருக்குள் போயிருந்தது. வெறும் சாக்குகளையும் கொளுத்திவிட்டார்கள்.

அண்ணன் கொடுத்த மனுவின் பேரில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. 'கையைக் கெடுத்தது சிமெண்ட்தான்' என்று ஒரு வரி கிடைத்தால் ஆலை வைத்தியம் பார்த்து வேறு வேலையும் தந்தாக வேண்டும். அண்ணனுக்கு அந்த வரி போதும்.

ஆலையின் வக்கீல் தேனாகப் பேசினார். பன்னிரண்டு அறிக்கைகளை மேசையில் பரப்பினார்.

"உங்க கையெழுத்துதானே மேடம்?"

"ஆமா. ஆனா அதெல்லாம் புது மூட்டை."

"இந்த டப்பாவுக்கு சீல் இருக்கா? தேதி?"

"இல்ல."

"வேற யாராவது இப்படி ஒரு டப்பாவ நீட்டினா வாங்குவீங்களா?"

அண்ணன் தெம்பாக அவளைப் பார்த்தான். "பயப்படாத பாப்பா. உள்ளத சொல்லு."

"வாங்க மாட்டேன்," என்றாள்.

மனு தள்ளுபடி. உத்தரவைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார் அதிகாரி. அண்ணனால் விரலை மடக்கிப் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. கட்டைவிரலை மையில் அழுத்தினார்கள். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டான். மூன்று தடவை வைத்தும் தாளில் கறுப்பாக ஒரு திட்டுதான் விழுந்தது.

"ரேகையே இல்லையேப்பா. நாளைக்கு யாரும் கேள்வி கேட்டா நான் என்ன சொல்றது?" அதிகாரி சலித்துக்கொண்டார். "கூட வந்தவங்க போடுங்க."

அவள் போட்டாள்.

அதிகாரி ஆலையின் அறிக்கை ஒன்றை எடுத்து, இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ம், சரியா இருக்கு," என்று கோப்பை மூடினார்.