மழையில் ஓடியதுண்டா

பேட்டரிப் பெட்டியின் மூடியில் கடைசி இரண்டு திருகாணிகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. லிஜா அவற்றின்மேல் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். சர்வீஸ் கூடத்தின் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப்பக்கம் சத்தியநேசன் நின்றார். பக்கத்தில் நாற்காலி கிடந்தும் உட்காரவில்லை. கோட்டைத் தாண்டக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்ததால் தாண்டவுமில்லை. கழுத்தை மட்டும் நீட்டிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாலப்பள்ளத்திலிருந்து கருங்கல் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினொரு வருடம் சவுதியில், தம்மாமில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர், அங்கே ஆளைக் குறைத்தபோது ஊருக்குத் திரும்பினார். இப்போது கருங்கலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வண்டி ஓட்டுகிறார். சுற்றுவட்டாரத்துச் சிறிய லேபுகளில் காலையில் எடுத்து வைக்கும் ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, எட்டு மணிக்குள் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. அதற்காகவே இந்த எலெக்ட்ரிக் வண்டியை வாங்கியிருந்தார். அன்று காலை பதினோரு குப்பிகளுடன் வரும்போது வண்டி வழியில் நின்றுவிட்டது. பெட்டியை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் தள்ளத் தொடங்கினார். கருங்கல் லேபில் இருந்து போன் வந்தது. திங்கட்கிழமை வண்டி ஓடவில்லை என்றால் பெட்ரோல் பைக் வைத்திருக்கும் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். அன்று சனிக்கிழமை.

வண்டி வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பேட்டரிக்கு மூன்று வருட வாரண்டி. பாலிடெக்னிக் முடித்து வேலைக்குச் சேர்ந்த லிஜா முதன்முதலாக டெலிவரி கொடுத்தது அவருக்குத்தான். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது, அரை மணி நேரம் ஆறவிட வேண்டும், எண்பது சதவீதம் ஏறியதும் எடுத்துவிட வேண்டும், இருபதுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவக் கூடாது, வெள்ளம் தேங்கிய ரோட்டில் இறக்கக் கூடாது என்று அவள் அன்று சொன்னதை எல்லாம், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனார். சொன்னபடியே செய்தார். தினமும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போவார். செம்பு முனைகளை உலர்ந்த துணியால் துடைப்பார். ஏப்ரல் மாத வெக்கையில் மேசை விசிறியைப் பேட்டரிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவர் வியர்த்துக் கிடந்ததாக, மனைவி லீலாபாய் ஒருமுறை சர்வீசுக்குக் கூட வந்தபோது சொன்னாள். அதைக் கேட்டு லிஜா சிரித்திருக்கிறாள்.

திருகாணிகள் கழன்றன. மூடியைத் தூக்கியதும் அதன் உட்புறத்தில் நீர்த்துளிகள் ஒட்டியிருப்பது தெரிந்தது. உள்ளிருந்த சர்க்யூட் தகட்டின் ஒரு மூலை பச்சையாகப் பூத்திருந்தது. ஈரம் பட்டால் நிறம் மாறும் வெள்ளை ஸ்டிக்கர் சிவந்து போயிருந்தது.

"என்னவாம் மக்ளே?" என்று சத்தியநேசன் கேட்டார்.

பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள். மூடியைச் சுற்றி ஓடிய, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். பின்பக்க மூலையில் விரல் நின்றது. வளையத்தின் இரண்டு நுனிகளும் ஒன்றோடொன்று சேரவில்லை. நடுவில் ஒரு நக அகலம் இடைவெளி. அதை மறைக்கப் பசையைத் தடவிவிட்டிருந்தார்கள். பசை காய்ந்து வெடித்திருந்தது. அவள் போனை எடுத்து இரண்டு பழைய படங்களைத் தேடினாள். போன மாதம் திறந்த இரண்டு பேட்டரிகளிலும் இதே மூலை, இதே பசை. மூன்றும் ஒரே மாதத்தில் செய்தவை.

ஷோரூம் மேனேஜர் ஷாஜன் கண்ணாடி அறைக்குள் இருந்தான். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான்.

"சீலு சேரல்லன்னு எழுதினா கம்பெனி சம்மதிக்காது. போன ரெண்டையும் நான் அப்பிடித்தான் அனுப்பினேன். ரெண்டும் திரும்பி வந்து நம்ம தலையில கேறிச்சு. உள்ள வெள்ளம் கேறியிருக்கு, கஸ்டமர் சரியா பாக்கல்ல, அப்பிடிப் போடு" என்றான்.

அந்த மனிதர் பார்த்துக்கொண்டதுபோல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று லிஜா சொன்னாள். தனக்கும் தெரியும் என்றான் ஷாஜன். பிறகு குரலைத் தாழ்த்தி, அவளை நிரந்தரமாக்கும் காகிதம் இந்த மாதம் கம்பெனியில்தான் கிடக்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளும்படி சொன்னான். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவன் மேசையில் கம்பெனி திருப்பியனுப்பிய இரண்டு விண்ணப்பங்களும் கிடந்தன.

வெளியே வந்து டேப்லெட்டைக் கையில் எடுத்தாள். வாரண்டி விண்ணப்பத்தில் காரணத்துக்கான கட்டத்தைத் தொட்டதும் ஐந்து வரிகள் விரிந்தன. இரண்டாவது வரி தயாரிப்புக் குறை. நான்காவது வரி வாடிக்கையாளர் கவனக்குறைவு. அவள் அப்பா ஓட்டுத் தொழிற்சாலை வேலையை விட்ட பிறகு அவள் சம்பளம்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் நான்காவது வரிக்கு மேல் சற்று நேரம் நின்றது. மஞ்சள் கோட்டருகே சத்தியநேசன் நின்ற இடத்திலேயே நின்றார். அவள் இரண்டாவது வரியைத் தொட்டு, மூன்று படங்களையும் சேர்த்து அனுப்பினாள்.

கம்பெனிக்கு எழுதியிருப்பதாகவும், புது பேட்டரி கிடைக்க வாய்ப்பிருப்பதாகவும் அவரிடம் சொன்னாள். அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். லீலாபாயைப் போனில் கூப்பிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, லிஜா பார்த்துக்கொள்வாள் என்று சொன்னார். அதைக் கேட்டதும் லிஜா டேப்லெட்டை இன்னொரு தடவை திறந்து பார்த்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து ஷாஜன் இருவரையும் உள்ளே கூப்பிட்டான். கம்பெனியின் வாரண்டிப் பிரிவிலிருந்து ஒருவர் பேசினார். போன் மேசைமேல் ஸ்பீக்கரில் இருந்தது. மிகவும் மரியாதையான குரல். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று முதலில் சொன்னது. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எங்கே வைத்து சார்ஜ் போடுகிறீர்கள் என்று கேட்டது. சத்தியநேசன் போனுக்கு முன்னால் குனிந்து, பரீட்சையில் சொல்வதுபோல ஒவ்வொன்றையும் தெளிவாகச் சொன்னார்.

"வண்டி மழையில ஓடியிருக்கா சார்? தண்ணி நின்ன ரோட்டுல எப்பவாவது போயிருக்கீங்களா?"

லிஜா ஷாஜனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். சத்தியநேசன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அவர் மறுபடி போனைப் பார்த்தார்.

"ஒரு நாளு போயிருக்கேன்" என்றார்.

குரல் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்டது. சக்கரத்தில் பாதி என்றார். அதோடு நிறுத்தாமல் நடந்ததையும் சொன்னார். அக்டோபரில் ஒரு சாயங்காலம், மிடாலத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். டெங்குவா என்று அன்றே பார்த்தாக வேண்டும். ரோடு முழுக்க வெள்ளம். வேறு நாளாக இருந்தால் சுற்றுவழியில் போயிருப்பார். அன்று சுற்றினால் லேபை அடைத்துவிடுவார்கள். "எனக்க மழைக்கோட்டக் கழற்றி ஐஸ் பெட்டிக்க மேல போட்டேன். வண்டிக்குப் போட கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

உண்மையைச் சொன்னதற்குக் குரல் நன்றி சொன்னது.

லிஜா முன்னால் வந்தாள். ரப்பர் வளையம் சேராமல் இருப்பதைப் படத்தில் பார்த்தீர்களா என்று கேட்டாள். இதே மாதிரி மூன்று பேட்டரிகள் என்றாள். பெட்டியைத் திறந்தது யார் என்று குரல் கேட்டது. தான்தான் என்றாள். திறந்துவிட்ட பெட்டியில் சீல் முதலில் எப்படி இருந்தது என்று உறுதி செய்ய முடியாதே மேடம் என்றது குரல். திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்வதே கம்பெனிதான் என்று அவள் சொன்னாள். அதையும் குறித்துக்கொள்வதாகச் சொல்லி, அவள் பெயரையும் பணியாளர் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டது.

பத்து நிமிடத்தில் டேப்லெட்டில் பதில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், வாடிக்கையாளர் கவனக்குறைவு. புது பேட்டரி வேண்டுமென்றால் வண்டி விலையில் பாதி ஆகும்.

ஷாஜன் அவருக்கு டீ வாங்கிவரச் சொன்னான். முகத்தைப் பார்க்காமல், அந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்வதாக அச்சடித்த ஒரு காகிதத்தை நகர்த்தி, கையெழுத்துப் போட்டால்தான் வண்டியை வெளியே விட முடியும் என்றான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பேட்டரியை வண்டியில் பொருத்தும்போது லிஜா அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "மாமா, இது உங்க தப்பு இல்ல. சீலு சரியா இருந்திருந்தா அந்த வெள்ளம் இத ஒண்ணும் செய்யாது. மழைக்குன்னுதான் பெட்டிய அடைச்சே தாறாங்க."

"இல்ல மக்ளே. நீ அண்ணைக்கே நல்லா சொல்லித் தந்தா. நான்தான் வெள்ளத்தில இறக்கினேன்."

"நான் தலைய ஆட்டினேனே. இல்லன்னு சொல்லியிருக்கலாம்லா?"

அவர் செம்பு முனைகளைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். "பாத்தேன். இல்லன்னு சொன்னா, அந்தப் பிள்ளைக்க ரத்தத்த நான் கொண்டு போவல்லன்னு ஆயிரும்லா" என்றார்.

அவர் சட்டைப்பையில் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். இன்றைய சேவை எப்படி இருந்தது, எங்களுக்கு மதிப்பெண் தாருங்கள் என்று கம்பெனியிலிருந்து வந்திருந்தது. கீழே ஐந்து வெறும் நட்சத்திரங்கள். இது அவளுக்கா, கம்பெனிக்கா என்று கேட்டார். ரெண்டு பேருக்கும் என்றாள். அவளுக்கு இதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்றார். இருக்கலாம் என்று அவள் சொன்னதும், போனைத் திரும்ப வாங்கி, கடைசி நட்சத்திரத்தில் பெருவிரலை அழுத்தினார். ஐந்தும் மஞ்சளாயின. திரையில் பூக்கள் உதிர்ந்தன.

கூடம் ரோட்டைவிடப் பள்ளத்தில் இருந்தது. வெளியே போக ஒரு சிமெண்டுச் சரிவு. அவர் வண்டியைத் திருப்பி ஹேண்டிலைப் பிடித்தார். பின்னாலிருந்து தள்ள லிஜா போனாள். சரிவுக்குப் போவதற்குள் ஷாஜன் கண்ணாடி அறையிலிருந்து கூப்பிட்டான்; கம்பெனியிலிருந்து மறுபடி போன், இந்த முறை அவளோடு மட்டும் பேச வேண்டுமாம். அவள் வண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு உள்ளே போனாள்.

சரிவின் நடுவில் வண்டி ஒருமுறை பின்னால் உருண்டது. சத்தியநேசன் இடுப்பைக் கொடுத்துத் தடுத்து, மூச்சு வாங்க நின்றார். மேலே ரோட்டோரம் கல் பெயர்ந்து ஒரு குழி கிடந்தது. முன்சக்கரத்தை ஒதுக்கி, பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, பேட்டரி அதிராதபடி மெதுவாக அதைத் தாண்ட வைத்தார்.