ஈரக் கள்ளி

"தாடைய இறுக்கிக் கட்டுடீ! விட்டா குழிக்குள்ளயும் வாயப் பொளந்துக்கிட்டேதான் போவான்!"

கள்ளிவேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொமாசா அத்தையின் குரல் ஜன்னலுக்குள் வந்து விழுந்தது. நெமென்சியா அப்போதுதான் வெள்ளைத் துணியை அப்பாவின் முகவாயில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தாள். அப்பா எவுஸ்தாகியோ விடியற்காலையில் போய்ச் சேர்ந்திருந்தார். அத்தை சொல்லிவிட்டாள் என்பதற்காகவே நெமென்சியா முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினாள். வாய் பிளந்துகொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறுக்கினாள்.

இருபத்தாறு வருஷமாக அத்தை இந்தப் பக்கம் காலடி வைத்ததில்லை. அக்கா தம்பி சண்டைக்குக் காரணம் ஓர் ஆடு. அறுவடைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அத்தையின் ஆடுகள் அப்பாவின் சோளக்கொல்லையில் புகுந்து மொட்டையடித்துவிட்டன. அப்பா வாயே திறக்கவில்லை. அதில் ஒன்றைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்து, அக்காவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். அவளும் வழித்துச் சாப்பிட்டாள். மறுநாள் அவள் பட்டியில் எண்ணியபோது ஓர் ஆடு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை ரிங்கோன் மாதாகோயில் வாசலில், ஊர் பார்க்க, தம்பி முகத்தில் காறித் துப்பினாள்.

அன்றைக்கே அப்பா, தூண் போல நெட்டுக்கு வளரும் யாத்துக் கள்ளிகளை ஆளுயரத்துக்கு வெட்டி வந்து நிழலில் படுக்கப் போட்டார். பதினைந்து நாள் காயவிட்டு, வெட்டுவாய் பொருக்குத் தட்டிய பிறகு, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த ஒற்றையடிப் பாதையை மறித்து நெருக்கமாக நட்டார். ஈரத்தோடு நட்டால் அடி அழுகிவிடும் என்பது இந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். காய்ந்து நட்டவை வேர் பிடித்து, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வளர்ந்து, கோழிகூட நுழைய முடியாத முள்சுவராகிவிட்டன.

கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது நெமென்சியா. அப்போது அவளுக்கு வயது பதினாலு. என்ன கறி என்று அவளுக்கும் தெரியாது. தாயில்லாப் பிள்ளை, அதுவரை அத்தை கையால் தலைவாரிக்கொண்டவள்.

மத்தியானம் பக்கத்துக் கொல்லை பிலோமெனோ வண்டியில் சவப்பெட்டியைக் கொண்டுவந்தான். "அந்தக் கெழவி வெயில்ல நிக்குது நெமென்சியா. கேட் வழியா கூட்டிட்டு வரேன்னேன், வண்டவண்டையா திட்டுது" என்றான்.

நெமென்சியா கையைத் துடைத்துக்கொண்டு வேலியடிக்குப் போனாள்.

"நாலு மணிக்குப் பெட்டிய மூடிருவாங்க. பாக்கணும்னா ரோட்டச் சுத்திக்கிட்டு கேட் வழியா வாங்க."

"கேட் வழியா விருந்தாளி வருவான், போலீஸ் வருவான். நான் பொறந்த வீடுடீ அது! பாத இங்கதான் இருந்துச்சு. கத்திய எடுத்தாந்து வெட்டு."

"நான் உசிரோட இருக்கற வரைக்கும் அவ இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

"இப்ப இருக்கானா உசிரோட?"

பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த பிலோமெனோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெமென்சியா திரும்பிப் பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கிக்கொண்டான்.

"ஒரே ஒரு தடவ கேட் வழியா வந்திருக்கலாம்ல?" என்றாள். "அவருக்காக வேணாம். எனக்காக வந்திருக்கலாம்ல? இருபத்தாறு வருஷம் இந்த முள்ளுக்குப் பின்னாடி என்ன அவருகிட்ட விட்டுட்டு நீங்க பாட்டுக்கு இருந்தீங்கள்ல?"

அத்தையின் காலடி வேலிக்கு இன்னும் கிட்டே வந்தது.

"வேலி போட்டப்ப மூணு நாள் இங்க நின்னு உன் பேரச் சொல்லிக் கத்தினேன்" என்றாள் அத்தை. "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"பக்கத்துல அப்பா நின்னாரு."

"நின்னான், நின்னான். சரி, வெட்ட வேணாம். புளிய மரத்துக்கு நேரா மூணு கள்ளி இருக்கு பாரு. ஒரு தள்ளு தள்ளு. ஒரு மாசமா நாத்தம் கொடலப் பொரட்டுது. எந்தக் கிறுக்கன் ஈரத்தோட நட்டான்?"

நெமென்சியாவுக்குச் சுரீரென்றது. நட்டவள் அவள்தான். போன மழைக்கு, நன்றாக நின்ற மூன்று கள்ளிகளைப் புழு வைத்துவிட்டது என்று அப்பா வெட்டிச் சாய்க்கச் சொன்னார். அவள் பார்த்தவரை ஒரு புழுவும் இல்லை. வேறு மூன்றை வெட்டிவரச் சொல்லி, சாறு சொட்டச் சொட்ட அன்றைக்கே நடச் சொன்னார். "அப்பா, ஈரமா இருக்கே, காய வேணாமா?" என்று கேட்டாள். "வாய மூடிக்கிட்டுக் குழியத் தோண்டு" என்றார். பாவம், கிழவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து அவளும் தோண்டினாள்.

மண்வெட்டியின் காம்பை நடுக்கள்ளியில் வைத்து அழுத்தினாள். பெரிய பலமெல்லாம் தேவைப்படவில்லை. இத்தனை மாதம் இரண்டு பக்கத்துக் கள்ளிகளின் தோளில் சாய்ந்தே நின்றிருந்தது அது. அடியில் கறுப்புக் கூழாகிக் கிடந்தது. மற்ற இரண்டும் அதன் மேலேயே சரிந்தன. நேர் எதிரே அத்தை நின்றாள், கறுப்பு உடையில், நெமென்சியா நினைத்து வைத்திருந்ததில் பாதி உயரத்துக்கு. அவள் காலடியில் பழைய ஒற்றையடிப் பாதை இன்னும் தேய்ந்த கோடாகத் தெரிந்தது.

அப்பாவுக்குப் புத்தி கலங்கவில்லை. அக்காவுக்குக் கத்தியால் வெட்டி வழி விட்டால் தோற்றுப்போனதாக ஊர் சொல்லும். அழுகி விழுந்தால் யாரையும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒன்பது வருஷமாகப் படுக்கையில் கழுவித் துடைத்துச் சோறு ஊட்டிய மகளிடம் அதை ஒரு வார்த்தை சொல்ல அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. அன்றைக்குக் கிண்ணம் தூக்கவும் அவள் கை, இன்றைக்குக் குழி தோண்டவும் அவள் கை. ஆத்திரத்தில் மண்வெட்டியை விட்டெறிந்தாள்.

அத்தை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விழுந்த கள்ளிகளைத் தாண்டி, நெமென்சியாவைக் கடந்து வீட்டுக்குள் போனாள். முள் கிழித்துக் கணுக்காலில் ரத்தம் வந்ததை அவள் குனிந்தும் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு தம்பியின் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"அன்னிக்குக் கொழம்புல உப்பு பத்தலடா."

துக்கத்துக்கு வந்து, அழுவாள் என்று எதிர்பார்த்து நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு மூடினார்கள். ஐந்தரைக்குள் அடக்கம் முடிந்து திரும்பியாகிவிட்டது. இறந்தவருக்காக வீட்டில் சொல்லும் எட்டு நாள் ஜெபத்தின் முதல் நாளுக்கு வந்தவர்கள் உள்ளே ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். காப்பி வாசம் முற்றம் வரை வந்தது.

நெமென்சியா மட்டும் வெளியே இருந்தாள். விழுந்த கள்ளிகளின் அழுகிய அடியைக் கத்தியால் வெட்டி எறிந்தாள். மேல்பாகம் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றாக இழுத்துப் போய்ப் புளிய மரத்து நிழலில் படுக்க வைத்தாள்.

காப்பியோடு அத்தை வாசலுக்கு வந்தாள். "அத எதுக்குடீ அடுக்குற?"

"ஈரமா இருக்கு. நடறதுக்கு முன்னாடி காயணும்ல."

"எத்தன நாளு?"

"பதினஞ்சு."

அத்தை வேலியின் இடைவெளியைப் பார்த்தாள். "ஜெபம் எட்டு நாள்தானே? அப்புறமும் ஏழு நாள் தொறந்தே கெடக்குமேடீ?"

"தெரியும்."

அத்தை காப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, உள்ளே போனாள். நெமென்சியா குனிந்து, மூன்றாவது கள்ளியின் வெட்டுவாயில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்து, காற்று படும்படி திருப்பி வைத்தாள்.