வடக்குக் கூடையில் நின்ற குரல்

ஹபீப் பாய் கத்திய ஒரு வாக்கியம் கல்லூரிக் கூடைப்பந்து மைதானத்தின் வடக்குக் கூடைக்குக் கீழே அப்படியே நின்றுபோனது. கத்தியவர் வாயை மூடி, ஆட்டம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகும் அது கேட்டுக்கொண்டிருந்தது. அதே குரல், அதே கோபம். சொல்லி முடித்ததும் ஒரு மூச்சு இடைவெளி, பிறகு மறுபடி முதலிலிருந்து.

ஹபீப் பாய்க்கு வேலூர் லாங் பஜாரில் செருப்புக்கடை. அந்தக் கல்லூரியில்தான் படித்தார். கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்காததால் அன்றிலிருந்து பார்வையாளர் படிக்கட்டில் இடம் பிடித்துக்கொண்டார். கோப்பைகள் வந்த காலமெல்லாம் பார்த்தவர். அந்த வருஷமோ அணி கோவைக்காரர்களிடம் தோற்றது, சென்னைக்காரர்களிடம் தோற்றது, புதிதாக அணி சேர்த்திருந்த நாட்றம்பள்ளிப் பையன்களிடமும் தோற்றது. தோற்ற நாளில் அவருக்குச் சோறு இறங்காது. கடைக்கு வந்தவர்களிடம் எரிந்து விழுவார். அன்று சொந்த மைதானத்தில், ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, முதல் வருஷ மாணவன் டேனியலுக்கு வடக்குக் கூடையில் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே போயின. ஹபீப் பாய் எழுந்து நின்று, "ஜெர்சியக் கழட்டிட்டுத் தோலுக்கு உப்பு போடப் போடா!" என்று கத்தினார். டேனியலின் அம்மா பூவம்மாள் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் அந்த வேலையைத்தான் செய்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. அணியில் பாதிப் பையன்களின் வீட்டில் அதுதான் பிழைப்பு.

பாதிரியார் வந்து ஜெபம் செய்தார், பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்து ஓதினார். ஒலிபெருக்கிக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் ஒயர் எதுவும் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். புயல் மழையில் குரல் நனைந்து கம்மியது. வெயில் வந்ததும் தெளிந்துவிட்டது. டேனியல் அணியை விட்டு விலகி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனான். வடக்குக் கூடைக்குப் பந்து கொண்டுவந்த பையன்களுக்கு அதைக் கேட்டதும் கை தளர்ந்தது. தோல்விகள் இன்னும் ஜாஸ்தியாயின. ஹபீப் பாய் படிக்கட்டில் உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டார். முதலில் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு அதுவும் சரியில்லை என்று கையை எடுத்துவிட்டார்.

அடுத்த வருஷ மழை ஓய்ந்ததும், டேனியலின் வீட்டை விசாரித்துக்கொண்டு பஸ் ஏறி ஆம்பூர் போனார். பூவம்மாள் வேலையிலிருந்து வந்து, உப்பில் வெடித்த கைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாய், யார் வேணும்?"

"காலேஜு கிரவுண்டுல கேக்குதே, அது என் குரல்தாம்மா. உங்க பையனத்தான் சொன்னேன். திரும்ப எடுத்துக்க எவ்ளோ பார்த்தும் முடியல."

அவளுக்கு எதுவும் புரியவில்லை. அவர் முழுவதும் சொன்ன பிறகு வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். "முட்டி வலின்னு தானடா வெளாட்ட வுட்டேன்னு சொன்ன?" உள்ளே டேனியல் புத்தகத்தை மூடி வைத்தான்.

மறுநாள் மாலை பயிற்சி நேரத்தில் பூவம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். கூடைக் கம்பத்தில் ஒரு கையை வைத்து, தலையைத் தூக்கி, அந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதைக் கேட்டாள். பையன்கள் பந்தைக் கையில் பிடித்தபடி நின்றார்கள்.

"என் வேலையத்தான சொல்லுது," என்றாள் டேனியலிடம். "அதுல தான உன்னப் படிக்க வச்சேன். இதுக்கா ஒளிஞ்சிக்கினு திரிஞ்ச? போ, ஆடு." பிறகு படிக்கட்டில் தலைகுனிந்து நின்றவரைப் பார்த்தாள். "நீங்க அத வசவாச் சொன்னீங்க பாய். அத நான் மறக்க மாட்டேன்."

ஹபீப் பாய் தலையை அசைத்தார். மறக்க வேண்டாம் என்றுதான் அவருக்கும் தோன்றியது.

அடுத்த ஆட்டத்தில் டேனியல் இறங்கினான். குரல் கேட்டுக்கொண்டே இருக்க, வடக்குக் கூடையில் நிதானமாகப் பந்தைப் போட்டான். சில விழுந்தன, சில விழவில்லை. கல்லூரி அன்றும் தோற்றது. ஹபீப் பாய் கடைசிப் பையன் மைதானத்தை விட்டுப் போகும்வரை எழுந்து நின்று கைதட்டினார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு சில ஆட்டங்களில் ஜெயித்தார்கள், சிலவற்றில் தோற்றார்கள். இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்குமுன் நடுவர் வெளியூர் அணியை அழைத்து, தரை எங்கே வழுக்கும், குரல் எங்கே கேட்கும் என்று காட்டிவிடுகிறார். அவர்களும் சரியென்று சொல்லிவிட்டு, குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள்.