மெகராஜ் பேகம் வீட்டு விசாரணை

இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு ஆத்திரம் வந்துவிடும். யார் மேல் என்று கேட்டால் பதில் இல்லை. அதனாலேயே ஆத்திரம் இன்னும் கொஞ்சம் ஏறும்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் மெகராஜ் பேகம் எனக்கு அடுத்த வீடு. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப் போனது. புருஷன் கேரளாவுக்குப் பிழைக்கப் போனவர் போனவர்தான். பிள்ளை குட்டி கிடையாது. கக்கத்தில் கட்டையை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள், தெருமுனைவரை போவாள், அதற்கு மேல் முடியாது. ஊனமுற்றோர் பென்ஷன் என்று மாதாமாதம் மணியார்டர் வரும். அதில் அரிசி வாங்கலாம், குழம்புக்கு வழி பார்க்க முடியாது.

அந்தக் குழம்புக்காகத்தான் இரண்டு பேரும் பேண்டேஜ் சுற்றினோம். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரித் துணி நெய்கிறவர்கள் அதிகம். வெட்டிய துணியை ஏஜெண்ட் முத்துவீரன் வீடு வீடாகக் கொடுப்பார். கையால் சுற்றுகிற சின்ன மெஷினில் ஓரம் பிசகாமல் இறுக்கிச் சுற்றிக் கொடுக்க வேண்டும். கால் தேவைப்படாத வேலை. மெகராஜின் துணிக்கட்டையும் நானே போய் வாங்கி வருவேன். ஆர்டர் இருந்தால் சோறு உண்ணக்கூட நேரம் இருக்காது. ஆர்டர் இல்லாத மாதம் மெஷினைத் துடைத்து வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

எண்பத்தொன்பதில் ஒரு நாள், பென்ஷன் வாங்குகிறவர்களை நேரில் பார்த்து விசாரிக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். சோலைராஜ் என்று பேர். நல்ல மனுஷன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் தெருவுக்கே விருந்தாளி. இருக்கிறவள் இல்லாதவள் என்று வெளியாளுக்குத் தெரிய விடமாட்டோம். அதிகாரி வாசலுக்கு வருவதற்குள் அசன் முகம்மது கடையிலிருந்து நாற்காலி வந்தது. எதிர்வீட்டு நசீமா டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து தன் வீட்டிலிருந்தே ஒயர் இழுத்து மாட்டினாள். பூப்போட்ட கண்ணாடி டம்ளரில் நன்னாரி சர்பத், தட்டில் பிஸ்கட். மெகராஜ் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பொழுது எப்படிப் போகிறது, சும்மாதானே இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. சும்மா இருக்கிறவள் என்று அவளை யாரும் சொன்னதில்லை. மூலையில் வெள்ளைத்துணி போட்டு மூடியிருந்த பேண்டேஜ் கட்டைத் திறந்து காட்டினாள். ஒரு சுருளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"வச்சுக்கோங்க சார். வீட்ல பிள்ளைகளுக்கு அடிகிடி பட்டா கட்ட ஆகும். நான் சுத்துனது பிரியாது."

அவர் சிரித்துக்கொண்டே பைக்குள் போட்டார். சர்பத் நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் எல்லோரும் பரம திருப்தியோடு ஃபேனையும் நாற்காலியையும் அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

அடுத்த மாதம் மணியார்டர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஆர்டரும் இல்லாத நேரம் அது. அவளைக் கைத்தாங்கலாக பஸ் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸுக்குப் போவதற்குள் கக்கம் கன்றிப்போய்விட்டது அவளுக்கு.

சோலைராஜ் மேஜையில் அவள் கொடுத்த பேண்டேஜ் சுருள் இருந்தது. காற்றுக்குப் பறக்காமல் காகிதத்தின் மேல் வைத்திருந்தார். எங்களை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார். பென்ஷனை நிறுத்தியாகிவிட்டது என்றார். தொழில் செய்கிறார், வீட்டில் நாற்காலி, மின்விசிறி உண்டு, வந்தவரை உபசரிக்கும் அளவுக்கு வசதி இருக்கிறது. எழுதியிருந்ததை ஒளிக்காமல் வாசித்தே காட்டினார்.

நாற்காலி அசன் முகம்மதுவுடையது, ஃபேன் நசீமாவுடையது என்று நான் சொன்னேன். அப்படியானால் தெருவே ஆதரவாக இருக்கிறதே, ஆதரவு இல்லாதவர்களுக்குத்தானே இந்தப் பென்ஷன் என்றார். எனக்குத் தலை சுற்றியது. மெகராஜ் மட்டும் நிதானமாகக் கேட்டாள்.

"வேலை தெனமுமா சார் வருது? ஆர்டர் இல்லாத மாசம் நான் எதைத் திங்க?"

"எனக்குப் புரியுதும்மா. ஆனா ஒண்ணு வேலை, இல்லன்னா பென்ஷன். அரை வேலைக்கு அரைப் பென்ஷன்னு ரூல்ல இல்ல. வேலையை விட்டுட்டேன்னு மனுக் குடுங்க. மறுபடி வந்து பாக்கேன்."

அவள் இத்தனை நாளும் அது காலுக்காகக் கொடுக்கிற பணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நானும்தான். சும்மா உட்கார்ந்திருப்பதற்குக் கொடுக்கிற பணம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேலையா பென்ஷனா என்று நாலைந்து நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். வேலையை நம்பினால் வருஷத்தில் பாதி மாதம் பட்டினி. பென்ஷனை நம்பினால் குறைச் சாப்பாடு, ஆனால் எல்லா மாதமும் உண்டு. கடைசியில் மனுக் கொடுத்தாள். மெஷினை முத்துவீரனிடம் திருப்பிக் கொடுக்க நான்தான் தூக்கிப்போனேன். மெஷின் சும்மா கிடந்தால் தனக்குக் கட்டாது, வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதில் தப்பு சொல்ல முடியாது.

என்றைக்கு வருவார் என்று தெரியாமல் அதிகாரிக்காகக் காத்திருந்தோம். மெகராஜின் கை சும்மா இருக்காது. முந்தானை நுனியைச் சுருட்டுவாள், பிரிப்பாள், மறுபடி சுருட்டுவாள். பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும். தெருவில் எல்லோரிடமும் நான் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். அவர் வந்தால் யாரும் நாற்காலி தூக்கி வரக்கூடாது, ஒரு வாய் காப்பி கொடுக்கக்கூடாது. அசன் முகம்மது காதைப் பொத்திக்கொண்டார். வாசலுக்கு வந்தவரை நிற்க வைப்பதா என்று வருத்தப்பட்டார்.

சித்திரை வெயிலில், உச்சி நேரத்தில் வந்தார் சோலைராஜ். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. மெகராஜ் தரையில் உட்கார்ந்திருந்தாள். பேண்டேஜ் கட்டு இருந்த மூலை வெறுமனே கிடந்தது. மனுஷன் நின்றுகொண்டே கேட்டு நின்றுகொண்டே எழுதினார். முடிகிற நேரத்தில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்றார்.

கதவுக்குப் பின்னால் மண்பானை நிறையத் தண்ணீர் இருந்தது. காலையில் நான் பிடித்து ஊற்றியது. மெகராஜ் என்னைப் பார்த்தாள். போன தடவை கொடுத்த சர்பத்தை அவர் எழுதி வாசித்தது எங்கள் இருவருக்கும் ஞாபகம் இருந்தது. தண்ணீரை எழுதமாட்டார் என்று யார் கண்டது?

"தண்ணி இல்ல சார்," என்றாள். அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். ஏதோ கூடுதலாக ஒரு வரி எழுதினார். கட்டாயம் கிடைக்கும் அம்மா, கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மெகராஜ் கட்டையை ஊன்றி எழுந்தாள். பானைக்குப் பக்கத்தில் போய்க் கையால் தள்ளிச் சாய்த்தாள். வீடெல்லாம் தண்ணீர். நான் பதறிப்போய்ப் பானையைப் பிடித்தேன்.

"விடு அய்யம்மா. இல்லன்னு சொல்லிட்டேன்ல, இருக்கக் கூடாது."

அன்றைக்கு முழுக்க அவளும் தண்ணீர் குடிக்கவில்லை. நானும் குடிக்கச் சொல்லவில்லை.

ஆடியில் மணியார்டர் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த வாரம்தான் பெரிய ஆஸ்பத்திரி ஆர்டர் ஒன்று வந்து, எங்கள் தெருவில் மெஷின் இருக்கிற வீடெல்லாம் ராப்பகலாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். மெகராஜ் யாருக்கும் தெரியாமல் என் வீட்டில் வந்து உட்கார்ந்தாவது கொஞ்சம் சுற்றட்டும் என்று முத்துவீரனிடம் கேட்டுப் பார்த்தேன். அவள் மெஷின் சத்திரப்பட்டியில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது, இனி வேறு கிடையாது என்று கையை விரித்துவிட்டார்.

வந்து சொன்னேன். அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு. இனி அந்த சார் எப்ப வந்து கேட்டாலும் நான் பொய் சொல்ல வேண்டாம்," என்றாள்.