சீமாட்டியின் கூந்தல்

சாப்பாட்டு மேஜை மேல் நின்றதைப் பார்த்ததும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உடம்பு, காலி ஷாம்பு பாட்டில். கைகள் இரண்டும் தேய்ந்துபோன பல் பிரஷ்கள். எது யார் வாயில் கிடந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம். பாவாடைக்கு முட்டை அட்டை, அதன் மூலையில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது. பழைய சாமான் கடையில் பொறுக்கி வந்த மொட்டைப் பொம்மைத் தலையில் எந்த வீட்டுப் பிள்ளையோ கடித்த பல் தடம்.

"என்னங்க இது கண்றாவி? சோறு திங்கிற இடத்துலயா வைக்கிறது?"

"சீமாட்டி," என்றார் கணவர், முகமெல்லாம் பூரிப்பாக. "உங்க முதலாளியம்மா கடையில வைக்கக் கேட்டாங்களே. தலைமுடி மட்டும்தான் பாக்கி."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து மனிதருக்குக் குப்பையில் பொம்மை செய்யும் இதே பித்து. குப்பை வண்டிக்காரர் இவர்கள் வாசலிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறார். அவளோ கேக் கடையில் பேக்கிங் மேற்பார்வையாளர். கேக்கில் ஒரு முடி கிடந்தால் அன்று முழுக்க அவளுக்குப் பச்சைத் தண்ணீர் இறங்காது. தலைக்கு வலை போடாமல் யாரையும் உள்ளே விடமாட்டாள். தன் வலையை யார் முன்னாலும் கழற்றவும் மாட்டாள். அதற்குக் காரணம் வேறு. உச்சியில் முடி கொட்டி வழுக்கை விழுந்துகொண்டிருந்தது. அது தனக்கும் சீப்புக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தாள்.

கூந்தலும் ஒட்டி முடிந்து சீமாட்டி கடைக்குப் போன அன்றும் அவள் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தொடுவதாவது. அவரே தூக்கி வந்து, முதலாளியம்மா காட்டிய இடத்தில், கிரீம் பூசும் மேஜைக்கு மேலே இருந்த அலமாரியில் நிறுத்திவிட்டுப் போனார்.

மறுநாளே ஒரு கேக் திரும்பி வந்தது. கிரீமுக்குள்ளிருந்து நீளமாக ஒரு முடி எட்டிப் பார்த்தது. நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பேக்கிங்காரியின் மேல் பாய்ந்தாள். காலையில்தான் நெட்டை வலையை ஏனோதானோவென்று மாட்டிக்கொண்டு வந்து திட்டு வாங்கியிருந்தாள்.

"சீ, மனுஷங்க திங்கிறதுல இப்படியா? ஏப்ரனைக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போ. இனிமே வராதே."

"அக்கா, என் முடி சுருட்டைக்கா. நல்லாப் பாருங்க."

இடுக்கியால் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒரு விரற்கடை வெள்ளை, மீதியெல்லாம் சாயம் ஏறிய செம்பட்டை. வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு தானே பூசிய சாயம். தலையில் வலை இறுக்கமாகத்தான் இருந்தது. அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் சீமாட்டியின் கூந்தல் பறந்துகொண்டிருந்தது.

மூலைக்குப் போய்க் கணவருக்கு போன் செய்தாள்.

"முடியா? உன் சீப்புல வர்றதுதாம்மா. தினமும் சுருட்டிக் குப்பையில போடுறியே. எடுத்து அலசிக் காயவச்சு சேர்த்தேன். இவ்வளவு முடி வீணாப் போகுதேன்னு மனசு கேக்கல."

குப்பைக் கூடையில் அவர் கைவிட்டுத் துழாவியதை நினைத்ததும் அவளுக்கு வாய் புளித்தது. தன் முடி கொட்டுவது இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது அதைவிட அருவருப்பாக இருந்தது.

"யாரோட முடி?" என்று கேட்டுக்கொண்டே முதலாளியம்மா உள்ளே வந்தார். நெட்டை மடித்த ஏப்ரனோடு மூக்கை உறிஞ்சியபடி நின்றாள். இவளுடையது என்று கைகாட்டினால் போதும், அதோடு முடிந்துவிடும். பொம்மையைக் காட்டினால், அதற்கு முடி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். நெட்டையின் முகத்தைப் பார்த்தபிறகு கையைக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

வலையைக் கழற்றினாள். விளக்கு வெளிச்சம் நேராக உச்சந்தலையில் விழுந்தது.

"என்னுதும்மா. அந்தப் பொம்மை தலையில இருக்கிறதும் என்னுதுதான்."

முதலாளியம்மா பொம்மையைப் பார்த்தார். அவள் தலையைப் பார்த்தார். பொம்மைக்குத்தான் முடி அடர்த்தி. பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். அந்தச் சுளிப்பு அவளுக்குப் புதிதில்லை. சாப்பாட்டு மேஜை முன்னால் அவளும் அதே முகத்தோடுதான் நின்றாள்.