லலனுக்குத் தமிழ் மறந்த நாள்

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பஞ்சாட்சரத்தின் பாத்திரக்கடை. வேலைக்கு வந்த புதிதில் பீகார்க்காரன் லலனுக்குத் தமிழ் ஒரு சொட்டும் தெரியாது. ஆனால் கையில் காசு புரண்டது. ஒட்டிய விலையில் ஒரு ரூபாய் குறைக்காமல் விற்றால் பொருளுக்குப் பத்து ரூபாய் தனியாகத் தருவார் முதலாளி. யார் என்ன பேரம் பேசினாலும் லலன் விலைச்சீட்டைத் தொட்டுக்காட்டிச் சிரிப்பான். சுவரோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது? கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மூன்றாம் வருஷம் பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகைக்காரன் போலவே பேசக் கற்றுக்கொண்டான். வந்தது வினை. வருகிறவளெல்லாம் அக்கா ஆனாள். அக்காவிடம் முழு விலை கேட்க முடியுமா?

இப்போது ஊருக்குப் போக வேண்டும். போன தடவை இரண்டு நாளும் ரயிலில் கக்கூஸ் கதவோரம் நின்றே போனான். இந்தத் தடவை படுக்கை டிக்கெட். அதற்கு இன்னும் எழுபது ரூபாய் குறைந்தது. ஆகவே அன்று காலையிலிருந்து அவனுக்குத் தமிழ் மறந்துபோயிற்று.

மாலையில் மணவூர் ஜெயம்மாள் மகளோடு வந்தாள், மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க. ஏழு பாத்திரம். சரியாக ஏழு!

"இந்த அண்டா இன்னா வெல, நைனா?"

"தமிழ் நஹி," என்று லலன் சீட்டைத் தொட்டான்.

"அப்பளம் மாரி கீதுடி அம்மு," என்றாள் மகளிடம். லலன் சிரித்தான். "இளிக்கிறதப் பாரு. இந்த மூஞ்சிய எவ கட்டிக்கினாளோ!" அதற்கும் சிரித்தான்.

ஜெயம்மாள் தோற்றுப்போய்ச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். முதல் நோட்டு வெளியே வந்தது. "தேசப்பன் கடைல இதே அண்டா இன்னும் கனமா இருக்கும்டி," என்றாள் பெருமூச்சோடு.

"இன்னாம்மா பேசிகினு கீற? அவன் அண்டால ரெண்டு தபா பிரியாணி ஆக்குனா அடி கழண்டு உழுந்துடும்!" என்றான் லலன்.

கல்லாவில் பஞ்சாட்சரம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவி, நம்மூர்ப் புள்ளயா நீ! வா, இப்பப் பேசலாம்." நோட்டு பைக்குள் திரும்பிப் போனது. ஜெயம்மாள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அரை மணி நேரத்தில் ஏழும் விலை இறங்கின.

"ஏன்டா மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்று கேட்டாள். ரயில், கக்கூஸ், படுக்கை டிக்கெட், எல்லாம் சொன்னான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. அதற்காகக் குறைத்த விலையை ஏற்றிக் கொடுக்க மனசு வருமா? அதுவும் வரவில்லை. முதலாளி பக்கம் திரும்பினாள்.

"ஏழு சாமான் எடுத்துகினு போறேன். கொசுறா இந்தப் புள்ளைக்கு ஒரு பக்கெட்டு குடு. கவுத்துப் போட்டு ஒக்காந்துகினு போவட்டும்."

பஞ்சாட்சரம் இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து நீட்டினார். லலன் கடை நடுவே அதைக் கவிழ்த்து உட்கார்ந்து பார்த்தான். முட்டி மோவாயை இடித்தது.

"ரெண்டு நாளு ஒக்காரணும்மா," என்றான் தாழ்ந்த குரலில். "பெர்சா கேளு."