வரைந்தவர்: 386

மந்திரமூர்த்தி அண்ணாச்சி செய்த முதல் தப்பு, கம்ப்யூட்டர் வாங்க விலை கேட்டு ஆனி மாதத்தில் கடிதம் எழுதியதுதான். தென்காசியில் இருந்துகொண்டு, குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதத்தில் வெளியூர்க்காரனுக்குக் கடிதம் போடலாமா? தையில் எழுதியிருந்தால் தபாலில் பதில் வந்திருக்கும். ஆனியில் எழுதியதால் ஆட்களே வந்து இறங்கினார்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு.

1988-ஆம் வருஷம் அது. அண்ணாச்சிக்கு அரிசி மில் இயந்திரங்கள் செய்கிற பட்டறை. அந்த இயந்திரங்களுக்கு எட்டு வருஷமாகப் படம் வரைகிறவள் குழல்வாய்மொழி. ஒவ்வொரு படத்தின் கீழ் மூலையிலும் ‘வரைந்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எட்டு வருஷமாக ‘மந்திரமூர்த்தி’ என்றுதான் எழுதிவருகிறாள். அண்ணாச்சி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலும் கோணும். ஆனால் பட்டறை அவருடையது.

“கம்ப்யூட்டர் வந்துட்டா அதுல வரையப்போறது நீதான். அன்னையிலேருந்து கட்டத்துல உன் பேருதான், போதுமாட்டி?” என்று சித்திரையில் அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்குக்காகத்தான் அவள் சனிக்கிழமைதோறும் மதுரைக்கு பஸ் ஏறி, கம்ப்யூட்டரில் படம் வரையக் கற்றுக்கொண்டு வந்தாள். அவளுடைய பேர் இதுவரை ஏறியிருந்தது ரேஷன் கார்டில் மட்டும்தான், அதிலும் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள். அந்தக் கட்டத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

கம்ப்யூட்டருக்கு மூளையாக எந்த ப்ராசசர் வாங்குவது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. ‘286 போதும். கூடவே 287 என்கிற கணக்குச் சிப் கட்டாயம் வேண்டும். வட்டத்துக்கும் வளைவுக்கும் கணக்குப் போடுவது அதுதான். அது இல்லாவிட்டால் படம் வரைகிற புரோகிராம் திறக்கவே திறக்காது’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அண்ணாச்சி அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு ஐந்தருவிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டார்.

சீசன் வந்துவிட்டால் அவர் எந்த முடிவையும் பட்டறையில் எடுப்பதில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, அருவிப் பக்கத்துப் பாறையில் கவிழ்ந்து கிடக்கும்போதுதான் எடுப்பார். கம்ப்யூட்டர் விற்க வந்த மெட்ராஸ்காரர்கள் அதைப் புரிந்துகொண்டு பக்கத்துப் பாறையில் கவிழ்ந்தார்கள். முதலில் வந்தவர் 286 என்றார். அடுத்து வந்தவர் 286-க்கு வயசாகிவிட்டது என்றார். மூன்றாவதாக வந்த ராமசேஷன் ஒன்றுமே சொல்லாமல் எட்டு நாள் குளித்தார். அவருக்கு லாட்ஜில் ரூம் பிடித்ததும், பிள்ளைகளுக்கு மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொடுத்ததும், மாமியாரைக் கைபிடித்து அருவிக்குள் விட்டு வெளியே எடுத்ததும் குழல்வாய்மொழிதான்.

எட்டாம் நாள் அண்ணாச்சி எண்ணெய்த் தலையோடு வந்து நின்றார். “386 சொல்லியாச்சு.”

“387 சிப்பும் சேத்துத்தான அண்ணாச்சி?”

“அது என்னத்துக்கு? 286 சவலப் பிள்ள, அதுக்குத் தொணைக்கு ஆள் வேணும். இது தனியாளா நின்னு எல்லாத்தையும் பாத்துரும்னு ராமசேஷன் சொல்லுதாரு. அந்தக் காசுல ரூமுக்கு ஏ.சி. போட்டுருவோம்.”

“இதுக்கும் அது வேணும். இல்லாட்டி புரோகிராமே தொறக்காது.”

“நீ மதுரையில மூணு மாசம் படிச்சவ. அவரு மெட்ராஸ்காரரு” என்று பேச்சை முடித்தார்.

ஆவணியில் கம்ப்யூட்டர் வந்தது. சந்தனம் வைத்து, மாலை போட்டு, எல்லோரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். 386 படு வேகமாக விழித்துக்கொண்டது. தேதி சொன்னது, மணி சொன்னது. படம் வரைகிற புரோகிராமைத் தட்டியதும், கணக்குச் சிப்பைக் காணோம் என்று இங்கிலீஷில் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுகொண்டது.

அண்ணாச்சி மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டார். “ஆமா சார், அது தனியா வாங்கணும்” என்றார் ராமசேஷன். “தபால்ல அனுப்பினா உடைஞ்சுடும். அடுத்த சீசனுக்கு நானே நேர்ல கொண்டு வரேன். ரூம் மட்டும் போட்டு வச்சுடுங்கோ.”

கடையத்து மைதீன் பாய் புது மில்லுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டர் படம் என்றதும்தான் மற்ற பட்டறைகளை விட்டுவிட்டு இங்கே வந்தவர் அவர். வெள்ளிக்கிழமை படம் வேண்டும். வேறு வழியில்லாமல், வெளியே தெரியாதபடி, குழல்வாய்மொழியின் வரைபலகையை ஏ.சி. ரூமுக்குள் தள்ளினார்கள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே, குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, நாலு நாள் உட்கார்ந்து கையால் வரைந்தாள். கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மைதீன் பாய் முன்னறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி உள்ளே வந்தார். “கட்டத்துல 386-ன்னு போடு.”

“என் பேருன்னுல்லா சொன்னீங்க.”

“கம்ப்யூட்டர்ல வரைஞ்சா உன் பேருன்னு சொன்னேன். இது கையால வரைஞ்சதுல்லா?”

அவள் பேனாவை மூடிப் பலகைமேல் வைத்தாள். “அப்பம் அதையே எழுதச் சொல்லுங்க.”

அண்ணாச்சி 386-ஐப் பார்த்தார். அது மணி பதினொன்று இருபது என்றது.

“எட்டு வருசமா உங்க பேர நான் எழுதுனேன். இன்னைக்கு ஒரு நாள் என் பேர நீங்க எழுதுங்க. இல்லாட்டி இது யாரு வரைஞ்சதுன்னு பாய்கிட்ட நானே போய்ச் சொல்லுதேன்.” சொல்லிவிட்டு முன்னறைக் கதவைப் பார்த்தாள்.

முன்னறையில் காபி டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி பேனாவை எடுத்தார். நீளமான பேர் வேறு. நாலு எழுத்து கட்டத்துக்குள்ளும் மிச்சம் வெளியிலுமாக எழுதி முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

மைதீன் பாய் படத்தை மேசையில் விரித்து, விரலால் ஒவ்வொரு கோடாகத் தடவிப் பார்த்தார். “கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தான். மனுசக் கையில இந்த நேர்த்தி வருமா?” என்றார். விரல் மூலைக்கு வந்ததும் நின்றது. “இந்த எடம் மட்டும் என்ன அண்ணாச்சி, கோழி கிளறுன மாதிரி இருக்கு?”

அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

“அது மட்டும் கையால எழுதுனது, பாய்.”